சுடுதளத்தில் காதுக்கு இரட்டைக் காவல்

2024 ஜூலை இறுதியில் பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் துருக்கியின் யூசுஃப் டிகேச் வெள்ளி வென்றார். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, சாதாரணக் கண்ணாடியோடு அவர் குறிபார்த்து நின்ற படம் இரண்டே நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. மற்ற வீரர்கள் கண்ணுக்குத் தனி லென்ஸ், காதுக்குப் பெரிய கிண்ணம் என்று மாட்டிக்கொண்டு நிற்க, இந்த மனிதர் வெறும் ஆளாக வந்து பதக்கம் வாங்கிவிட்டார் என்பதுதான் எல்லோருக்கும் பிடித்துப்போன கதை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அவர் காதில் இருந்த சிறிய மஞ்சள் அடைப்பான் கண்ணில் பட்டிருக்கும். அவர் வெறுங்காதோடு சுடவில்லை.

இத்தனைக்கும் அது காற்றழுத்தத் துப்பாக்கி. அதில் வெடிமருந்தே கிடையாது. அதன் ஓசையால் காது கெடும் அபாயம் மிகச் சிறியது. அரங்கின் கூச்சலைத் தள்ளி வைக்கத்தான் பெரும்பாலும் அடைப்பான் தேவைப்படுகிறது. வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கியைக் கையில் எடுத்து, அதையும் நான்கு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே சுடும்போது கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. அந்த இடத்தில் காதுக்கு எதைப் போடுவது, எவ்வளவு போடுவது, கடைக்காரர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்புவது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

முதலில் ஓசையின் அளவு. துப்பாக்கி வெடிப்பதை உச்ச அழுத்த டெசிபலில் அளக்கிறார்கள். சிறிய .22 ரைஃபிளே ஏறத்தாழ 140 டெசிபலைத் தொடுகிறது. 9 மி.மீ. கைத்துப்பாக்கி, 12 போர் ஷாட்கன், ராணுவ வகை ரைஃபிள்கள் எல்லாம் 150க்கும் 170க்கும் இடையில் எங்கோ நிற்கின்றன. டெசிபல் கணக்கில் 20 கூடினால் அழுத்தம் பத்து மடங்காகிறது. 140 என்பது 200 பாஸ்கல். 160 என்பது 2,000 பாஸ்கல். ஆகவே 140க்கும் 160க்கும் உள்ள வித்தியாசத்தை ஏதோ ஏழில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நமக்குப் பழகிய ஓர் அளவோடு வைத்துப் பார்க்கலாம். தீபாவளிப் பட்டாசுக்கு இந்தியச் சட்டம் விதித்திருக்கும் எல்லை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 145 டெசிபல் உச்ச அளவு. அதைத் தாண்டும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. கைத்துப்பாக்கி அந்த எல்லையைத் தாண்டிய ஓசையை எழுப்புகிறது, அதுவும் காதிலிருந்து ஒரு கைநீளத்தில். ஒரு தோட்டாவோடு அது நிற்பதும் இல்லை. ஒரு பயிற்சியில் ஐம்பது, நூறு தோட்டாக்கள் போவது சாதாரணம். பக்கத்து லேன்காரர் சுடுவது தனிக் கணக்கு.

பாதுகாப்பில்லாத காதுக்கு 140 டெசிபல் உச்சம்தான் எல்லை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நையோஷும் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அதே 140ஐயும் குழந்தைகளுக்கு 120ஐயும் வைத்திருக்கிறது. 139 பாதுகாப்பு, 141 ஆபத்து என்று இதைப் படிக்கக் கூடாது; பல பத்தாண்டு ராணுவ ஆய்வுகளிலிருந்து பேசி முடிவுசெய்த கோடு அது. ஆனால் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டால் இந்த நுணுக்கத்துக்கெல்லாம் வேலையே இல்லை. முதல் குண்டிலேயே கோட்டைத் தாண்டியாகிவிட்டது.

பேரோசை வந்தால் தன்னைக் காத்துக்கொள்ளக் காதிடமே ஓர் ஏற்பாடு உண்டு. நடுச்செவியிலுள்ள ஒரு நுண்ணிய தசை சுருங்கி, சின்னஞ்சிறு எலும்புகளின் அசைவை இறுக்கிப் பிடிக்கும். இது நடக்கப் பல பத்து மில்லி விநாடிகள் ஆகும். துப்பாக்கியின் அழுத்தமோ ஒரு மில்லி விநாடிக்குள் உச்சத்தைத் தொட்டு, அடுத்த சிலவற்றில் அடங்கிவிடுகிறது. தசை சுருங்கும்போது வெடி முடிந்து போயிருக்கும். உட்செவியில் ஓசையை உணரும் காக்ளியாவின் மயிரணுக்கள் அதற்குள் அடி வாங்கிவிடுகின்றன. ஒரு காதில் இவை ஏறத்தாழ 15,000தான். மனிதரில் செத்தவை மறுபடி முளைப்பதில்லை.

சுடுபவர்களின் காது கெடும் விதத்துக்கு ஒரு முத்திரை உண்டு. 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் 4,000ஐ ஒட்டி, செவித்திறன் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். பேச்சில் ச, ஸ, ஷ போன்ற மெல்லிய உரசொலிகளின் தெளிவு அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் இப்படிக் காது கெட்டவர் "கேட்கவில்லை" என்று சொல்ல மாட்டார். "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்பார். வீட்டில் எல்லோரும் முணுமுணுப்பதாகக் குறைப்பட்டுக்கொள்வார். வலது தோளில் ரைஃபிளைச் சாத்திச் சுடுபவருக்கு இடது காதில்தான் பள்ளம் ஆழம். அந்தக் காது குழல்வாயைப் பார்த்து நிற்கிறது. வலது காதைத் தலையின் நிழல் கொஞ்சம் காக்கிறது.

இந்த இடது காது விஷயம் புதிதல்ல. லண்டன் காது மருத்துவர் ஜோசப் டாயின்பி, வேட்டைத் துப்பாக்கி சுடுபவர்களின் காது மந்தமாவதை 1860இல் வெளியான தம் நூலிலேயே எழுதிவிட்டார். அவருடைய முடிவு விசித்திரமானது. காதிரைச்சலுக்கு மருந்து தேடி, 1866இல் தம்மீதே குளோரோஃபாம் ஆவியைச் சோதித்துப் பார்த்தபோது இறந்து போனார். அவர் தேடிய மருந்து இன்றுவரை கிடைக்கவில்லை. இரைச்சலோடு வாழப் பழக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி உள்ளரங்கத்துக்கு வருவோம். வெட்டவெளியில் வெடியின் அலை காதைத் தொட்டுவிட்டுக் கடந்து போய்விடும். உள்ளே அதே அலை கூரையில், தரையில், பக்கச் சுவரில், லேன்களைப் பிரிக்கும் தடுப்புப் பலகையில் மோதித் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் உச்சம் அதேதான், ஆனால் காதில் இறங்கும் மொத்த ஆற்றல் கூடுகிறது. சுவரில் ஒலியுறிஞ்சும் பலகை பதித்த நல்ல ரேஞ்சுக்கும் வெறும் கான்கிரீட் அறைக்கும் இருக்கும் வித்தியாசம் உள்ளே நுழைந்து முதல் வெடி கேட்டவுடனே தெரிந்துவிடும்.

எதிரொலியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பக்கத்து ஆள். நம் விரல் விசையை எப்போது அழுத்தப்போகிறது என்று நமக்குத் தெரியும். அடுத்த லேனில் இருப்பவர் எப்போது சுடுவார், என்ன துப்பாக்கி வைத்திருக்கிறார் என்பது தெரியாது. நாம் .22இல் பொறுமையாகப் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் குட்டைக் குழல் ரைஃபிளை, அதுவும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மசில் பிரேக் மாட்டியதை எடுத்து வைத்தால், ஓசை நம் பக்கம்தான் வரும். குழல் குட்டையாக ஆக, எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து வெடிக்கும் பங்கும் கூடும். ஆகவே உள்ளரங்கில் காதுப் பாதுகாப்பைத் தேர்வு செய்யும்போது கணக்கில் எடுக்க வேண்டியது அந்தக் கூடத்தில் வரக்கூடிய மிகச் சத்தமான துப்பாக்கியை. நம் கைத்துப்பாக்கியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும்.

கடையில் கண்ணில் படும் முதல் விஷயம், சாதனம் எத்தனை டெசிபல் ஓசையைக் குறைக்கும் என்று சொல்லும் ஓர் எண். அமெரிக்கப் பெட்டிகளில் என்ஆர்ஆர், ஐரோப்பியப் பெட்டிகளில் எஸ்என்ஆர். நம் ஊரில் விற்பவற்றில் சில சமயம் இரண்டும் இருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு எண்ணும் வேறு வேறு. 3எம் நிறுவனத்தின் 1110 என்ற கயிறு கோத்த ஆரஞ்சு நுரை அடைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சாதனக் கடைகளில் தாராளமாகக் கிடைப்பது. அதன் என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37. பொருள் மாறவில்லை, சோதிக்கும் முறையும் கணக்கிடும் முறையும்தான் மாறியிருக்கின்றன. இணையக் கடையில் "38 டெசிபல் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது எந்த அளவுகோல் என்று முதலில் கேளுங்கள். தெரிந்த தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் என்ஆர்ஆர் கணக்கில் காதுக்குள் வைக்கும் இயர்பிளக்குக்கு 33, காதை மேலே மூடும் இயர்மஃபுக்கு 31 என்ற அளவில்தான் உச்சம் நிற்கிறது.

என்ஆர்ஆர் முத்திரையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1979இல் கட்டாயமாக்கியது. அதற்கான சோதனையில், ஆய்வகத்தில் பத்துப் பேரை உட்காரவைத்து, சோதனையாளரே அவர்கள் காதில் சாதனத்தைக் கச்சிதமாகப் பொருத்தி அளக்கிறார். ரேஞ்சில் நமக்குப் பொருத்திவிட அந்த ஆள் வர மாட்டார். தொழிற்சாலைகளில் உண்மையாக அணிந்திருந்தவர்களின் காதில் அளந்த ஆய்வுகளை எலியட் பெர்ஜரும் சகாக்களும் 1996இல் தொகுத்தார்கள். இயர்பிளக்குகள் ஆய்வக எண்ணில் சராசரியாகக் கால்வாசியைத்தான் தந்தன. இயர்மஃப்கள் ஏறத்தாழ 60 சதவீதம்.

இதனால்தான் அதிகாரிகள் எண்ணை வெட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஓஷாவின் வழக்கம், முதலில் 7ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாதியாக்குவது. 33 என்று பெட்டி சொன்னால் கையில் 13. நையோஷ் 1998இல் தந்த வழி வேறு: இயர்மஃபுக்கு 25 சதவீதம், நுரை அடைப்பானுக்கு 50, மற்ற அடைப்பான்களுக்கு 70 குறைக்கச் சொன்னது. இதன்படி 33 போட்ட நுரை அடைப்பான் 16.5இல் நிற்க, 30 போட்ட இயர்மஃப் 22.5 தருகிறது. பெட்டியில் தோற்றது காதில் ஜெயித்துவிடுகிறது. சராசரி மனிதரின் சராசரிப் பொருத்தத்தை வைத்துப் போட்ட இந்தக் கணக்கும் உங்கள் காதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பது நையோஷுக்கும் தெரியும். 2025இல் அது ஒவ்வொருவரின் காதிலும் தனித்தனியாக அளந்து பார்க்கும் பொருத்தச் சோதனையைப் பரிந்துரைத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எண்கள் எல்லாம் இயந்திர இரைச்சல் போன்ற தொடர் ஓசைக்காகப் பிறந்தவை. 160 டெசிபலிலிருந்து 33ஐக் கழித்து 127 என்று விடை எழுதுவது, முறைப்படி பார்த்தால், அந்த எண்ணை அதற்கு உரிய வேலைக்கு வெளியே இழுப்பது. வெடியொலிக்கென்றே தனி அளவீட்டு முறை 2010இல் அமெரிக்கத் தரநிலைகளில் வந்தது. அப்படி அளந்தால் சரியாகப் பொருந்திய சாதனங்கள் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன, சில சமயம் பெட்டி எண்ணுக்கு மேலேயும் போகின்றன. ஆகவே எண்ணைத் தூக்கியெறிய வேண்டாம். 29க்கும் 33க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். பொருத்தம் கெட்டால் பறிபோவது 4 டெசிபல் அல்ல, 15, 20.

அந்தப் பொருத்தத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நுரை அடைப்பானை விரல்களுக்கு இடையே வைத்து மெதுவாக உருட்டி, சுருக்கம் விழாத மெல்லிய குச்சி மாதிரி ஆக்க வேண்டும். கசக்கிப் பிழிந்தால் பக்கத்தில் மடிப்பு விழும். அந்த மடிப்பே ஓசை புகும் வாய்க்கால். பிறகு எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். காதுக் குழாய் இயல்பாகவே வளைந்தது. இப்படி இழுத்தால்தான் அது நேராகும். உருட்டியதை உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த அரை நிமிடத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். ஐந்து விநாடியில் விரலை எடுத்தால் நுரை தானே பின்னுக்கு நகர்ந்து வந்துவிடும்.

சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. நேர் எதிரே நிற்பவர் கண்ணுக்கு அடைப்பானின் முனை தெரியக் கூடாது. நம் குரல் நமக்கே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்து ஒலிக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளாலும் காதை அழுந்தப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் சுற்றியுள்ள ஓசை சட்டென்று இறங்கினால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

இந்த உருட்டும் வேலையை எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். சாதாரணத் தோட்டாவின் பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, குண்டிலும் ஈயம். உள்ளரங்கில் அது தூசாகக் கைகளிலும் மேசையிலும் படியும். நையோஷ் 2009இல் வெளியிட்ட எச்சரிக்கை, ஓசையையும் ஈயத்தையும் ஒன்றாகச் சேர்த்தே பேசியது. இருபது குண்டு சுட்ட விரலால் புது அடைப்பானை உருட்டிக் காதுக்குள் வைப்பது நல்ல யோசனை அல்ல. கூடத்துக்குள் நுழையும் முன்பே, கழுவிய கையால் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். நடுவில் எடுக்க நேர்ந்தால் வெளியே வந்து, கை கழுவி, புது ஜோடி போடுவதே முறை. ஒரு ஜோடி நுரை அடைப்பானின் விலை ஒரு தோட்டாவின் விலையைவிடக் குறைவு. அதில் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை.

இயர்மஃப் இவ்வளவு திறமை கேட்பதில்லை, மாட்டினால் வேலை செய்யும். அதனால்தான் அதன் ஆய்வக எண்ணும் களத்து எண்ணும் அதிகம் விலகுவதில்லை. ஆனால் அதன் உயிர் முழுக்க மெத்தை வளையத்தில் இருக்கிறது. குக்கரின் காஸ்கட் ஓரிடத்தில் மடிந்திருந்தால் ஆவி முழுக்க அந்த வழியே போய்விடுவது போலத்தான் இதுவும். கண்ணாடிக் காம்பு, தொப்பி ஓரம், காதுக்கு மேல் விழும் முடி, துப்பட்டா, தொங்கும் ஜிமிக்கி என எது அடியில் சிக்கினாலும் அங்கே ஒரு சந்து. ரேஞ்சில் கண்ணாடி கட்டாயம் என்பதால் இந்தச் சந்து ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. காம்பு தட்டையாகவும் மெலிதாகவும் இருக்கும் கண்ணாடியும், ஜெல் நிரப்பிய மெத்தையும் இதைக் குறைக்கும். சென்னையின் வியர்வையில் மெத்தைகள் சீக்கிரம் விறைத்து வெடிக்கும். பெரும்பாலான மாடல்களுக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறது. ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

ரைஃபிள் சுடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது தடித்த கிண்ணத்தின் கீழ்விளிம்பு கட்டையில் முட்டி, மேலே எழும்பித் திறந்துகொள்ளும், அதுவும் விசையை அழுத்தும் அதே கணத்தில். அடிப்பகுதி சரிவாக வெட்டிய மெலிந்த கிண்ணங்கள் இதற்காகவே வருகின்றன, அவற்றின் எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். ரைஃபிள்காரர்கள் அடைப்பானை முதன்மையாக நம்புவதே சரி என்பது என் கருத்து.

இப்போது எல்லோரும் கேட்பது எலக்ட்ரானிக் மஃப். வெளியே மைக், உள்ளே சின்ன ஒலிபெருக்கி. பேச்சைப் பெருக்கித் தரும். ஓசை ஏறத்தாழ 82 முதல் 85 டெசிபலைத் தாண்டும்போது நிறுத்திவிடும் அல்லது அமுக்கிவிடும். "எத்தனை மில்லி விநாடியில் அணைகிறது?" என்று விற்பனையாளர்கள் போட்டி போட்டுச் சொல்வார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அந்த ஒலிபெருக்கியால் வெடியைப் போல் கத்த முடியாது. மைக் அணைந்தாலும் அணையாவிட்டாலும் பிளாஸ்டிக் கிண்ணமும் மெத்தையும் தரும் தடுப்பு அப்படியே இருக்கிறது. அந்தத் தடுப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. மிகப் பிரபலமான ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டின் என்ஆர்ஆர் 22. வெட்டவெளிக்குச் சரி, உள்ளரங்கில் தனியாகப் போதாது.

ஆனாலும் எலக்ட்ரானிக் மஃப் காதைக் காப்பதில் ஒரு பெரிய பங்கு ஆற்றுகிறது. சாதாரண மஃப் போட்டவர்கள் யாராவது பேசினால் என்ன செய்கிறார்கள்? ஒரு பக்கத்தைத் தூக்கி "என்ன?" என்று கேட்கிறார்கள். பக்கத்து லேனில் வெடிப்பது அப்போதுதான். கழற்றவேண்டிய தேவையையே எடுத்துவிடுவது எலக்ட்ரானிக்கின் உண்மையான லாபம். அமுக்கும் வகை, வெட்டி நிறுத்தும் வகை என்ற இரண்டில் உள்ளரங்குக்கு அமுக்கும் வகை தேவலை. வெட்டும் வகையில், விடாமல் வெடிக்கும் கூடத்தில் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்து சேரும்.

போட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, ஒலியைப் பெருக்கித் தரும் காதுச் சாதனங்களை வீரர்கள் அணியக் கூடாது. ரேஞ்ச் அதிகாரிகளும் நடுவர்களும் அணியலாம். செவித்திறன் குறைந்த வீரருக்கு அனுமதி பெற்று விதிவிலக்கு உண்டு. ஆகவே மாநில, தேசியப் போட்டிகளைக் குறிவைக்கும் பிள்ளைக்கு விலையுயர்ந்த எலக்ட்ரானிக் மஃப் வாங்கித் தரும் பெற்றோர், போட்டியன்று அதை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியிருக்கும். சாதாரண மஃபோடும் அடைப்பானோடும் கட்டளைகளைக் கேட்டுப் பழகுவது அவர்களுக்கு நல்லது.

காதுக்குள் வைக்கும் வயர்லெஸ் இயர்பட்களை இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். இரைச்சல் நீக்கும் வசதி என்பது பேருந்து, விமான இரைச்சலுக்கானது. செவிப் பாதுகாப்பு வசதியோடு வரும் ஏர்பாட்ஸ் பற்றி ஆப்பிள் நிறுவனமே, துப்பாக்கி வெடி போன்ற ஓசைக்கு இது ஏற்றதல்ல என்று எழுதிவைத்திருக்கிறது. பஞ்சு, டிஷ்யூ காகிதம், காலித் தோட்டா ஓடு இவையெல்லாம் பேச்சுக்கே வரக் கூடாதவை; இன்னும் வருகின்றன.

வடிகட்டி அடைப்பான் என்று ஒரு வகை உண்டு. நடுவே மிக நுண்ணிய துளை. பேச்சு போன்ற மெல்லிய ஓசை அதன் வழியே போய்விடும், வெடி போன்ற பலத்த அலை வரும்போது துளையில் காற்று கொந்தளித்துத் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் செயின்ட் லூயிஸ் ஆய்வு நிறுவனத்தில் உருவான இந்த அழகான யோசனைதான் அமெரிக்கப் படைவீரர்களுக்கு காம்பாட் ஆர்ம்ஸ் என்ற பெயரில் போனது. கதை நீதிமன்றத்தில் முடிந்தது. அடைப்பானின் தண்டு குட்டை, அதனால் சிலர் காதில் ஆழமாகப் போகாமல் தெரியாத அளவில் மெல்லத் தளர்கிறது, இது அதை விற்ற 3எம் நிறுவனத்துக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 3எம் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே 2018இல் அமெரிக்க அரசுக்கு 91 லட்சம் டாலரும், 2023இல் வீரர்கள் தொடுத்த லட்சக்கணக்கான வழக்குகளை முடிக்க ஏறத்தாழ 600 கோடி டாலரும் தர இசைந்தது. வழக்கின் நியாயம் எப்படியானாலும், இத்தனை பெரிய தொகையின் நடுவில் இருந்தது சில மில்லிமீட்டர் தண்டும் ஒரு பொருத்தமும்தான். வடிகட்டி அடைப்பான் காட்டில் வேட்டைக்காரருக்கு உதவலாம். எதிரொலி சூழ்ந்த கூடத்தில், மணிக்கு நூற்றுக்கணக்கில் வெடிக்கும் இடத்தில் அதை மட்டும் நம்பிப் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அச்செடுத்துச் செய்யும் சிலிக்கான் அடைப்பான்கள் வசதியானவை. செவியியல் நிபுணர் காதில் கலவையை விட்டு அச்செடுப்பார். ஒவ்வொரு முறையும் உருட்ட வேண்டியதில்லை, ஒரே மாதிரி உட்காரும். ஆனால் இவற்றின் தடுப்பு நன்றாகப் போட்ட நுரை அடைப்பானைவிட அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது; பல சமயம் சற்றுக் குறைவு. உடல் எடை மாறினால் காதுக் குழாயும் மாறும் என்பதால் சில ஆண்டுகளில் புதிதாக அச்செடுக்க வேண்டும்.

இத்தனையையும் எடைபோட்டுப் பார்த்தால் உள்ளரங்குக்கு விடை ஒன்றுதான்: உள்ளே அடைப்பான், மேலே மஃப். நையோஷும் துப்பாக்கி சுடுவோருக்கு இந்த இரட்டைப் பாதுகாப்பையே சொல்கிறது. இரண்டின் எண்களைக் கூட்டிவிடக் கூடாது. 33ம் 22ம் சேர்ந்து 55 ஆகாது. நடைமுறைக் கணக்கு, இரண்டில் பெரியதோடு 5 சேர்ப்பது. ஏன் இவ்வளவு குறைவு? காதுக் குழாயை முழுக்க அடைத்தாலும் ஓசை மண்டையோட்டின் எலும்பு வழியாகவே காக்ளியாவுக்குப் போய்ச் சேரும். அந்த வழி ஏறத்தாழ 40 முதல் 50 டெசிபலில் கூரை போட்டுவிடுகிறது. காதில் எதைப் போட்டாலும் அதைத் தாண்ட முடியாது.

5 டெசிபலுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். இரட்டைப் பாதுகாப்பின் முக்கிய மதிப்பு அந்த 5இல் இல்லை. ஒன்று தவறினால் இன்னொன்று நிற்கிறது. கண்ணாடிக் காம்பில் மஃப் கசிந்தாலும் உள்ளே நுரை இருக்கிறது. அடைப்பான் தளர்ந்தாலும் மேலே கிண்ணம் இருக்கிறது. தவறிப்போய் மஃபைத் தூக்கிவிட்டாலும் அந்த ஒரு வெடி வெறுங்காதில் விழாது. எலக்ட்ரானிக் மஃபை மேலே போட்டு, ஒலியைக் கூட்டி வைத்தால் நுரையைத் தாண்டியும் கட்டளைகள் கேட்கும். அமெரிக்க உள்ளரங்குகளில் பழகியவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். போட்டிக்குப் போகாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கூடவே ஒரு பலன்: வெடிக்கு உடல் துள்ளுவது குறையும், குறி சீராகும். புதிதாக வருபவர்களின் குண்டு கீழே போய் விழுவதற்குத் துப்பாக்கியின் உதைப்பு ஒரு பங்கு என்றால், ஓசையின் பயம் இன்னொரு பங்கு.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மஃபைப் போட்டு இறுக்கிவிடுவது போதாது. சின்னத் தலைக்கு என்று வரும் அளவு வேண்டும். .22க்கு மேல் சுடும் கூடத்தில் வேடிக்கை பார்க்கக்கூட அவர்களைக் கூட்டிப்போகாமல் இருப்பது நல்லது. கர்ப்பிணிகள் உள்ளரங்கத்தைத் தவிர்த்துவிடலாம். தாயின் காதில் போடுவது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு உதவாது, ஈயத் தூசியும் சேர்ந்துகொள்கிறது.

ஓசையை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் சிறந்தது என்பது தொழில் சுகாதாரத்தின் அரிச்சுவடி. குழல்வாயில் மாட்டும் சைலன்சர் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். பின்லாந்து, நார்வே வேட்டைக்காரர்களுக்கு அது சாதாரணக் காதுப் பாதுகாப்புச் சாதனம். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து வாங்க வேண்டும். இந்தியாவில் சாதாரண உரிமதாரருக்கு அது எட்டாதது. சைலன்சர் மாட்டினாலும் திரைப்படத்தில் வருவதுபோல் "புஸ்" என்று முடிந்துவிடாது. பல துப்பாக்கிகள் அதோடும் 130, 140ஐ ஒட்டியே நிற்கும். காதுக்கு மேல் ஏதாவது போட்டே ஆக வேண்டும்.

எல்லாரையும்விட அதிகம் ஆபத்தில் இருப்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் சுடுபவர் அல்ல, ரேஞ்ச் அதிகாரியும் பயிற்சியாளரும். நாம் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறோம். அவர் காலை முதல் மாலை வரை எல்லா லேன்களின் வெடியையும் வாங்குகிறார். பேசுவதும் கேட்பதும்தான் அவர் வேலை என்பதால் அடிக்கடி கழற்றுபவரும் அவரே. அவருக்கு எலக்ட்ரானிக் மஃபும் அடைப்பானும் நிர்வாகம் வாங்கித் தர வேண்டிய பொருள்கள். வேலையில் சேரும்போது ஒரு செவித்திறன் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முதல் வரைபடம் இல்லாவிட்டால் பின்னால் விழும் பள்ளம் எப்போது விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு காதில் "ஙொய்" என்ற இரைச்சலோ, பஞ்சடைத்தது போன்ற மந்தமோ இருந்தால் அன்றைய பாதுகாப்பு தோற்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தணிந்துவிட்டதால் சேதமில்லை என்றும் சொல்ல முடியாது. மயிரணுக்கள் பிழைத்து, அவற்றை நரம்போடு சேர்க்கும் இணைப்புகள் மட்டும் அறுந்து போவதை ஹார்வர்டின் குஜாவாவும் லிபர்மனும் 2009இல் எலிகளில் காட்டினார்கள். சாதாரணச் செவித்திறன் சோதனையில் அது தெரியாது. இரைச்சல் தணியாமல் நின்றாலோ, ஒரு காதில் கேட்பது திடீரென்று விழுந்தாலோ, வார இறுதி முடியட்டும் என்று காத்திருக்காமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மருத்துவர்கள் ஸ்டீராய்டு தர முடிவெடுத்தால் அதை முதல் சில நாட்களுக்குள் தொடங்கவே விரும்புவார்கள்.